பதினான்காம் நம்பர் தொட்டி

அத்தியாயம் 6

"காணாமப் போனது எவ்வளவு பெரிசும்மா?" என்று கெர்ரா கேட்டாள்.

லொவெனா ஹாஸ்கிங் தன் இடது கையைக் குழித்துக் காட்டினார். "பூவை விரிச்சா இதுக்குள்ள அடங்கிடும். காம்பு ஒரு சாண்கூட இருக்காது. அப்படின்னு அவர் சொன்னார். நான் பார்த்ததில்ல."

கெர்ரா தன் முதலாளியின் பக்கம் சாய்ந்தாள். "இத்தனூண்டுக்கா பாஸ் காலையில ஆறு மணிக்கு எழுப்புனீங்க? போன மாசம் காணாமப் போனது டிராக்டர். அதைத் தேடறப்ப ஒரு மரியாதை இருந்துச்சு."

பெட்ராக் ட்ரெவாஸ்கிஸ் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மாவட்டப் போலீசில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டுத் தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். ஞாயிறுகளில் சேப்பல் என்கிற ஊர்ச் சிறு தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் மனைவி ஜெனிஃபர் இறந்துபோனதிலிருந்து, எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போலத்தான் அவருக்கு இருந்தது. ஜெபிக்கச் சொன்னால் வார்த்தைகள் ஒழுங்காக வந்தன. ஆனால் அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கெர்ரா ஸ்பார்கோ முன்பு தபால் வண்டி ஓட்டியவள். இப்போது அவருடைய வண்டியை ஓட்டுகிறாள், அவருக்கும் சேர்த்து அவளே சிரித்துக்கொள்கிறாள்.

எதிரே நின்ற அம்மாவைப் பார்த்ததுமே பெட்ராக்குக்குப் புரிந்துவிட்டது, இவரும் கையுறை போட்டவர்தான் என்று. வீட்டுக்குள் வரும்போதே கவனித்திருந்தார். வாசல் மேசையில் பிரிக்காத கடிதங்கள் ஒரு செங்கல் உயரத்துக்குக் குவிந்திருந்தன. எல்லாம் நவம்பருக்குப் பின் வந்தவை. அனுதாப அட்டைகள் என்று உறையைப் பார்த்தாலே தெரிந்தது. குவியலின் மேல் ஒரு மூக்குக் கண்ணாடி, ஆண்கள் போடுவது, மடித்து வைத்திருந்தது.

லொவெனா சொன்ன விஷயம் இவ்வளவுதான். அவருடைய கணவர் க்ளாரன்ஸ் முப்பது வருடமாகக் குறு டாஃபடில் என்கிற சின்னக் கிழங்குப் பூச்செடிகளை வளர்த்துக் கலப்பினம் செய்துவந்தவர். ஒட்டக முடித் தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தொட்டு வைப்பார். விதை முளைத்துப் பூக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதில் நூற்றுக்கு ஒன்று தேறும். பதினான்காம் நம்பர் தொட்டியில் இருந்த நாற்று அப்படித் தேறியது. உலகத்தில் அந்தப் பூவுக்கு ஒரே ஒரு கிழங்குதான் உண்டு. போன மார்ச்சில் அது முதல்முறை பூத்தபோது, லொவெனா இடுப்பெலும்பு சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். க்ளாரன்ஸ் போனில் விவரித்தார். படம் எடுக்கச் சொன்னதற்கு, படத்தில் எல்லாப் பூவும் ஒன்றுதான், அடுத்த வசந்தத்தில் நேரில் பார், பார்த்த பிறகு பேர் நீதான் வைக்க வேண்டும் என்றார். நவம்பரில் அவர் இறந்துபோனார்.

"ஒரு தடவை பார்த்தா போதும்," என்றார் லொவெனா. "திருடினவங்களுக்குத் தண்டனை எல்லாம் வேண்டாம். பூ பத்து நாள்தான் நிக்கும். அது இந்தப் பத்து நாள்தான்."

அவர் குரலில் அழுகை இல்லை. வானொலியில் கடல் நிலவரம் வாசிப்பது போல இருந்தது.

மூவரும் தோட்டத்தில் நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கணுக்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டி, உள்ளே மணல் நிரப்பி, மேலே கண்ணாடிக் கதவைச் சாய்த்து மூடிய நீளமான பாத்தி. பெட்ராக் கதவைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். மணலுக்குள் கழுத்து வரை புதைந்த மண்தொட்டிகள் நாற்பது. பாதியில் பூ. ஒன்று பாவாடையை விரித்து உட்கார்ந்த சிறுமி போல. ஒன்று காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்ட கன்றுக்குட்டி போல. எல்லாம் விரல் உயரம். கெர்ரா ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு, பிறகு தன்னைச் சுதாரித்துக்கொண்டாள்.

"எலிக்குக் கல்யாணம்னா இதுதான் மாலை."

பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு தொட்டி இருந்தது. அதில் செடி இல்லை. பெட்ராக் அதை மணலிலிருந்து உருவி, செய்தித்தாளில் கவிழ்த்தார். வெறும் மணல், கையில் ஒட்டும் அளவு ஈரமாக. மணலோடு கூட அடியிலிருந்து ஒரு பீங்கான் துண்டு விழுந்தது.

"ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை வச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் கெர்ரா. "திருட்டு இல்ல பாஸ் இது, பண்டமாற்று."

தொட்டியை எடுத்த குழியை வெறுமனே விட்டால் மணல் சரிந்து, பக்கத்துத் தொட்டிகளின் வேர் அந்தப் பக்கம் காய்ந்துபோகும் என்று லொவெனா விளக்கினார். அதனால் குழியில் ஈர மணல் நிரப்பிய தொட்டி ஒன்றை வைப்பது வழக்கம். வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

"சொந்தத் தோட்டத்துல எல்லாரும் செய்வாங்க," என்றார் பெட்ராக். "திருட வந்த தோட்டத்துல?"

அவர் பீங்கான் துண்டைத் தூறலில் நீட்டிக் கழுவினார். தொட்டியின் அடித்துளையை அடைக்க உடைந்த ஓட்டுச் சில்லு வைப்பார்கள். இது வெள்ளைத் தட்டின் சில்லு. நீல விளிம்பு, கையால் வரைந்த பாதி டாஃபடில், அதன் கீழே 2013 என்ற எண்.

பிறகு தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. கெர்ரா தொங்கியும் அசையவில்லை. ஆனால் அதற்குப் பத்தடி தள்ளி, கல்லும் மண்ணும் அடுக்கிய வேலிக் கரையில், ஓர் இடத்தில் மட்டும் ப்ரிம்ரோஸ் செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. அந்த இடத்துக் கற்களில் பாசி தேய்ந்து, கல்லின் நிறம் தெரிந்தது.

"மாடு ஏறி வந்திருக்கும்," என்றாள் கெர்ரா. "ஆனா மாட்டுக்கு நம்பர் படிக்கத் தெரியாதே."

நவம்பருக்குப் பிறகு யார் யார் இந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று பெட்ராக் கேட்டார். ஒருவரும் வரவில்லை என்றார் லொவெனா. கதவை யார் தட்டினாலும் அவர் திறக்கவில்லை. அவரே தோட்டத்துக்கு வரவில்லை. "இந்தக் கண்ணாடிக் கதவை நான் தொடவே இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. செவ்வாய்க்கிழமை பென்பர்த்தியம்மா பூக் கண்காட்சிப் படிவத்தோட கதவை விடாம இடிச்சாங்க. வருஷா வருஷம் இருக்கற பேரு, இந்த வருஷமும் பட்டியல்ல இருக்கட்டும், கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன். என்னன்னு வாசிக்கல. அவங்க போன பிறகுதான் ஏதோ தோணி இங்க வந்து பார்த்தேன்."

மூவரின் தொப்பிகளிலிருந்தும் மழை சொட்டிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் நனைகிற ஊர் அது. தண்ணீரைப் பற்றி அங்கே யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை.

"கண்காட்சி இன்னைக்கு," என்றார் பெட்ராக். "வளர்க்கத் தெரிஞ்சவன் எடுத்திருக்கான். வளர்க்கத் தெரிஞ்சவனுக்கு அந்தப் பூவை வச்சு வேற என்ன வேலை? போட்டி மேசைக்கு வரணும். வந்தா இன்னைக்கு வரும்."

"அது எடுத்தவன் பேர்ல வந்து, பூவுக்குப் பேரும் அவனே வச்சுட்டான்னா?" என்றாள் கெர்ரா.

லொவெனா தன் குழித்த கையையே பார்த்தார். அதை இன்னும் விரிக்காமலே வைத்திருந்தார்.

கெர்ரா தன் கோட்டுப் பையிலிருந்து குங்குமப்பூ ரொட்டி ஒன்றை எடுத்து, அந்தக் கையில் வைத்தாள். "பிடிங்கம்மா. காலையில ஒண்ணும் சாப்பிட்ட முகமா இல்ல. வண்டியில ஏறுங்க. எங்க பாஸ் பக்கத்துல உக்காந்தா போதும், உங்களையும் சேர்த்து ரெண்டு சிலை கிடைச்ச மாதிரி இருக்கும் எனக்கு."

*

நான்ஸ்வெல்லன் சேப்பல் மண்டபத்தில் ஈரக் கோட்டும் தேநீரும் பூவும் கலந்த வாசம் அடித்தது. நீண்ட மேசைகளில் பச்சைத் துணி. அதன் மேல் நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூ, அது சாயாமல் இருக்கக் கழுத்தில் கொஞ்சம் பாசி. பூ வைத்தவர்கள் குனிந்து, தூரிகையால் இதழில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குப்பியின் முன்னாலும் ஒரு சீட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பூ யாருடையது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. தீர்ப்பு முடிந்த பிறகுதான் சீட்டைத் திருப்புவார்கள்.

லொவெனாவைச் சூடேற்றிக்கு அருகில் உட்கார வைத்தார்கள். ரொட்டி இன்னும் முழுசாக அவர் கையில் இருந்தது.

கண்காட்சிச் செயலாளர் பென்பர்த்தியம்மா பட்டியலும் பென்சிலுமாக ஓடிக்கொண்டிருந்தார். சேப்பலில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். பெட்ராக் பீங்கான் துண்டைக் காட்டியதும் நின்றுவிட்டார்.

"இது நடுவர் தட்டு. வருஷத்துக்கு ஒண்ணுதான் செய்வோம். அந்த வருஷம் யார் நடுவரோ அவருக்குக் குடுப்போம். இதை உடைக்க யாருக்கு மனசு வந்துச்சு?"

"2013-ல நடுவர் யாரு?"

பென்பர்த்தியம்மா மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஐவர் ட்ரெஜென்ஸா. தச்சர். க்ளாரன்ஸுக்கு அடுத்து இந்த வட்டாரத்தில் குறு டாஃபடில் வளர்ப்பதில் கைதேர்ந்தவர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே குடையில் சேப்பலுக்கு வருவார்கள். அந்த வருடம் ஐவர் நடுவர். க்ளாரன்ஸின் பூதான் கோப்பைக்குரியது என்று எல்லாருக்கும் தெரியும். குறு டாஃபடில் என்றால் பூவின் அகலம் ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஐவர் அளந்தார். ஐம்பத்திரண்டு. பூவைத் தள்ளுபடி செய்து, மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"காலையில வைக்கறப்ப அளவு சரியாத்தான் இருந்துச்சுன்னு க்ளாரன்ஸ் சத்தியம் பண்ணார். இருந்திருக்கும். பூ விரிஞ்ச பிறகும் வளரும், கண்ணு. சூட்டுல வச்சா வேகமா வளரும். அந்த மேசை சூடேத்திக்குப் பக்கத்துல. ஐவர் அளந்தப்ப மத்தியானம். இனிமே என் வாசக்கதவுக்குள்ள காலெடுத்து வைக்காதேன்னு எல்லார் முன்னாலயும் க்ளாரன்ஸ் சொல்லிட்டார். பதினோரு வருஷம். சேப்பல்ல ஒருத்தர் இந்தக் கோடி, ஒருத்தர் அந்தக் கோடி."

"பூவுக்கு ரெண்டு மில்லிமீட்டர்," என்றாள் கெர்ரா. "ஆம்பளைங்களுக்கு நாப்பது அடி. மனுஷனை யாரு அளந்து தள்ளுபடி பண்றது?"

நாற்றுப் பிரிவு மேசையை பெட்ராக் போய்ப் பார்த்தார். புதிய கலப்பினங்களுக்கான இடம் அது. ஐந்து குப்பிகள், ஆறு சீட்டுகள். ஆறாவது சீட்டு ஒரு வெற்றிடத்தின் முன்னால் கவிழ்ந்து கிடந்தது.

மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்கு மணி அடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நடுவர் உள்ளே வருவார். இந்த வருட நடுவர் பக்கத்து மாவட்டமான டெவனிலிருந்து வந்த ஒரு நெட்டையான அம்மா. வாசலில் நின்று தன் கைக்குட்டையால் ஓர் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையின் நடுவில் வட்டமாக ஒரு துளை. சரியாக ஐம்பது மில்லிமீட்டர்.

கெர்ரா அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்றாள். அப்படிச் செய்தால் அந்தப் பூ போட்டியிலிருந்தே நீக்கப்படும், யாருடையதாக இருந்தாலும், என்றார் பெட்ராக். கையைப் பையில் விட்டுக்கொண்டு யோசித்தார். சூட்டில் வைத்த பூவை ஒரு முறை அளந்துவிட்டுப் பதினோரு வருடம் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன், கடைசி நிமிடம் வரை ஒரு பூவை எங்கே வைத்திருப்பான்?

"பால் எங்க வைப்பீங்க?" என்று பென்பர்த்தியம்மாவிடம் கேட்டார்.

*

மண்டபத்தின் வடக்குப் பக்கம் ஜன்னல் இல்லாத சின்னச் சரக்கறை. கருங்கல் பலகைத் தட்டில் தேநீருக்கான பால், வெண்ணெய், தடித்த கிளாட்டட் கிரீம் கிண்ணங்கள். கவிழ்த்த பால் பெட்டி ஒன்றில், ஓவர்கோட்டோடு ஐவர் ட்ரெஜென்ஸா உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அவருக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் ஒரு குப்பி, அதில் ஒரு பூ.

கெர்ரா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "வெண்ணெய்க்குக் காவலா, ஐயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுபதை நெருங்கும் முகம். விரல் கணுக்களில் மரத்தூளும் மணலும் படிந்து கறுத்திருந்தன.

"அந்தப் பூ உங்களுது இல்ல," என்றார் பெட்ராக்.

"இல்ல."

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும். பதினொன்னரைக்கு இதைக் கொண்டுபோய் வைக்கணும். அதுவரைக்கும் கதவைச் சாத்திக்கங்க. சூடு உள்ள வருது."

கெர்ராவுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. வெளியே ஒரு அம்மா அந்தப் பூவுக்காகச் செத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், உமக்குக் கதவுச் சூடு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாள். பென்பர்த்தியம்மாவைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். ஐவர் பூவுக்கும் கதவுக்கும் நடுவில் தன் தொப்பியை மட்டும் நகர்த்தி வைத்தார், காற்றுப் படாமலிருக்க.

பெட்ராக் பீங்கான் துண்டைக் கல்தட்டில் வைத்தார்.

ஐவர் அதை நெடுநேரம் பார்த்தார். "நான்தான் உடைச்சேன். அந்த வருஷமே. அந்தத் தட்டுல சாப்பிட எனக்கு மனசு வரல. ஓட்டைத் தொட்டிக்கு அடியில வைக்கத்தான் லாயக்கு."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஹாஸ்கிங் தோட்டத்துக்குக் கடைசியா எப்போ போனீங்க?"

"இந்தப் புதன்கிழமை."

கெர்ரா ஒரு விநாடி கழித்துத்தான் கணக்குப் போட்டாள். திருட்டு வெளியே தெரிந்தது செவ்வாய்க்கிழமை. பூ அதற்கு முன்பே இவர் கையில் இருந்திருக்கிறது. எடுத்த பிறகு எதற்காக மறுபடி போவான் ஒருத்தன்?

பெட்ராக் அசையாமல் நின்றார். கையுறைக்குள் ஏதோ ஒன்று லேசாகக் குத்தியது போல இருந்தது. முப்பத்தொன்பது தொட்டிகள். எல்லாம் பச்சை. கையில் ஒட்டிய ஈர மணல். பாசி தேய்ந்த வேலிக் கற்கள். ஒரு முறை ஏறிக் குதித்தால் கல் அப்படித் தேயாது.

அவர் கெர்ராவின் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினார். சரக்கறைக் கதவைத் தன் கையாலேயே சாத்தினார்.

"பாஸ், என்ன பண்றீங்க? கையும் களவுமாப் பிடிச்சுட்டுக் கதவைச் சாத்தறீங்க?"

"மணி அடிக்கட்டும். சீட்டைத் திருப்பட்டும்."

"அதுல அவர் பேரு இருந்தா? அந்தம்மா பார்த்துட்டு இருக்கறப்பவே அவர் பேர்ல பதிவாகிடும். அப்புறம் நாம என்ன சொன்னாலும் வாய்ச்சண்டைதான்."

அது நியாயமான பயம். இருபத்தாறு வருடப் போலீஸ் மூளையும் அதையேதான் சொன்னது. ஆனால் பெட்ராக்கால் அந்தக் குழியை மறக்க முடியவில்லை. பக்கத்துத் தொட்டிகளின் வேர் காயக் கூடாதென்று, யாரும் பார்க்காத இடத்தில், ஈர மணலை அள்ளி நிரப்பி வைத்த ஒரு கை. அப்படிப்பட்ட கையை நம்பலாமா கூடாதா என்றுதான் கர்த்தர் இன்று தன்னைக் கேட்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. வெகுநாள் கழித்துத் தோன்றிய ஒன்று அது.

"கெர்ரா," என்றார், "கண்ணாடிக்குக் கீழ மழை பெய்யுமா?"

கெர்ரா சாத்திய சரக்கறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

*

மணி அடித்தது. எல்லாரும் பக்கத்து ஞாயிறு பள்ளி அறைக்குப் போய் நின்றார்கள். ஐவர் கடைசியாக வந்து, மறு கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பெட்ராக் லொவெனாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதைக் குடிக்கவில்லை. நாற்பது நிமிடம் போனது. உள்ளே நெட்டை அம்மாவின் பூட்ஸ் சத்தம் நடக்கும், நிற்கும், நடக்கும். ஓரிடத்தில் மிக நீண்ட நேரம் நின்றது. ஐவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது.

"எந்திரிங்கம்மா," என்றாள் கெர்ரா. "சும்மா பார்க்கலாம், வாங்க."

லொவெனா எல்லா மேசைகளையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டு நடந்தார், பேருந்து ஜன்னலில் பார்ப்பது போல. நாற்றுப் பிரிவு மேசைக்கு வந்தபோது கால் நின்றது.

ஆறாவது இடத்தில் இப்போது பூ இருந்தது. பாலாடை நிறத்தில் ஆறு இதழ்கள், பின்னுக்குச் சற்று மடிந்து. நடுவில் கிண்ணம் ஒரு தையல் விரலுறை அளவு, ஆப்ரிகாட் பழத்தின் இளம் ஆரஞ்சு நிறம். தலை நன்றாகக் குனிந்திருந்தது.

"கீழ விழுந்த பொத்தானைத் தேடற மாதிரி குனிஞ்சிருக்கும்னார்," என்றார் லொவெனா. யாரிடமும் சொல்லவில்லை. "போன்ல அப்படித்தான் சொன்னார். இதுதான்."

பென்பர்த்தியம்மா வரிசையாகச் சீட்டுகளைத் திருப்பிக்கொண்டு வந்தார். முதல் பரிசு வேறொரு பூவுக்கு. ஆறாவது பூவுக்கு இரண்டாம் பரிசு என்று நீலத் துண்டு ஒட்டியிருந்தது. அகலம் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று நடுவர் பென்சிலால் குறித்திருந்தார். பென்பர்த்தியம்மா சீட்டைத் திருப்பினார்.

தச்சனின் கட்டை எழுத்தில், அளந்து எழுதியது போல இரண்டு வரி.

கலப்பினம் செய்தவர்: க்ளாரன்ஸ் ஹாஸ்கிங்.

வைப்பவர்: லொவெனா ஹாஸ்கிங்.

அதற்குக் கீழே, பூவின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

"அந்தப் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு ஐவர்தான் என்கிட்டச் சொன்னார்," என்றார் பென்பர்த்தியம்மா. "எதுக்குன்னு கேட்டேன். அவர் சொல்லல. நானும் விட்டுட்டேன்."

லொவெனா திரும்பினார். கூட்டம் தானாக விலகியது. ஐவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றார். அதற்கு மேல் வரவில்லை.

பெட்ராக்தான் பேசினார். நவம்பரிலிருந்து அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு துளி மழை போகவில்லை, லொவெனாவும் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனாலும் மற்றத் தொட்டிகளெல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று சொன்னார். காணாமல் போன ஒன்றைத் தேடப் போய், காய்ந்துபோகாத முப்பத்தொன்பதைத் தாங்கள் யாரும் பார்க்கவில்லை என்றார்.

"ஞாயிறும் புதனும் வந்து தண்ணி ஊத்தினேன்," என்றார் ஐவர். "நீங்க வீட்டுக்குள்ள இருப்பீங்க. திரை மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை பதினாலாம் நம்பர்ல ஒரு இலை மஞ்சளாயிருந்துச்சு. கிழங்குக்கு அடியில அழுகல். அங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் வழிச்சு எடுத்து, கந்தகம் தடவி, புது மணல்ல வச்சேன். பிழைக்கும்னு எனக்கே நம்பிக்கை இல்ல. ஜனவரியில உங்களுக்குக் கடிதம் போட்டேன்."

"பிரிக்கல," என்றார் லொவெனா. "எதையும் பிரிக்கல."

"பதில் வரலைன்னதும், வேண்டாம்னு இருக்கீங்கன்னு நினைச்சேன். பூத்துட்டா உங்க முன்னால வச்சுட்டுப் போயிடலாம்னு." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "அன்னைக்கு மத்தியானம் அளந்தேன். பூ வளரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அளந்தேன். விதி விதிதான்னு நினைச்சுட்டேன். க்ளாரன்ஸ்கிட்ட அதைச் சொல்லணும்னு இருந்தேன். நாள் போயிடுச்சு."

"வாசக்கதவுக்குள்ள வரக் கூடாதுன்னாரே," என்றாள் கெர்ரா மெல்ல. "அதனாலதான் வேலியா?"

"கதவு வழியா நான் ஒரு தடவைகூட வரல," என்றார் ஐவர். "அவர் சொன்ன வார்த்தையை நான் மீறல."

கெர்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோட்டின் கையால் மூக்கைத் துடைத்தாள். தூசி என்று முணுமுணுத்தாள்.

லொவெனா அழவில்லை. ஐவரைப் பார்த்தார், பிறகு பூவைப் பார்த்தார். பென்பர்த்தியம்மா பென்சிலை நீட்டி, பெயரை இப்போதே எழுதிவிடலாமா என்று கேட்டார். லொவெனா வேண்டாமென்று தலையை அசைத்தார்.

"இப்பதானே பார்க்கறேன். பத்து நாள் இருக்கு."

பிறகு கையிலிருந்த குங்குமப்பூ ரொட்டியை அப்போதுதான் கண்டவர் போலப் பார்த்தார். அதை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை ஐவரிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள அவர் அந்த மூன்றடியை நடந்து வர வேண்டியிருந்தது.

"எழுபது வயசுல வேலி ஏறிக் குதிச்சு இடுப்பை உடைச்சுக்கிட்டா யாரு பார்க்கறது," என்றார் லொவெனா. "எனக்குத் தெரியும் அந்த வலி. பின்கதவு தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருக்கு. புதன்கிழமை வர்றப்ப எண்ணெய் கொண்டு வாங்க."

ஐவர் தலையசைத்தார். ரொட்டியை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. பெட்ராக் மேசையருகே தனியாக நின்றார். பூ நகர்ந்துவிடாமலிருக்கக் குப்பியை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். சரக்கறைக் கல்லின் குளிர் இன்னும் அதில் மிச்சமிருந்தது. விரல் நுனியில் சுருக்கென்று ஏறியது. அவர் விரலை எடுக்கவில்லை.